யாருக்குக் கீழே யார்

பிள்ளைகளே, நம்முடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் விபரத்தோடு ‘இனம்’ என்று ஒரு கூடு இருந்தது. தாயின் விபரத்தோடும் இருந்தது. மன்னார்த் தீவிலும் பெருநிலப் பக்கத்திலும் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளனாக இருந்த காலமெல்லாம் அந்தக் கூட்டை நிரப்புவது என் தொழில். பெயரை மடமடவென்று சொன்னவர்கள்கூட அந்த இடம் வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். இலங்கைத் தமிழர், இலங்கைச் சோனகர், இந்தியத் தமிழர், சிங்களவர், பறங்கியர் என்று எழுதுவதற்குச் சொற்கள் இருந்தன. மனிதர்கள் அந்தச் சொற்களின் அளவுக்கு வெட்டிப் பிறப்பதில்லையே.

ஒரு தாய் மேசைக்கு மேலே குனிந்து, புருஷன் காதில் விழாதபடி, “ஐயா, பறங்கியர் என்று போடாமல் தமிழர் என்று போடலாமோ? நாளைக்குப் பொடிச்சியைக் கட்டிக் குடுக்க வேணுமே” என்று கேட்டாள். வேறொரு தகப்பன் இதற்கு நேர்மாறாக வந்தார். தமிழர் என்று இருப்பதைப் பறங்கியர் என்று மாற்ற வழி உண்டா என்றார். அவருக்கு அவுஸ்திரேலியா போக வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: சட்டப்படி உள்ளதைத்தான் எழுதுவேன். இருவருடைய பயமும் எனக்கு விளங்காமல் இல்லை.

இப்போது உங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வேறு நாட்டு மனிதரைக் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றிருக்கிறீர்கள். ஆவணியில் மடுத் திருநாளுக்கு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் முதலில் பார்ப்பது பிள்ளையின் நிறத்தை, பிறகு தலைமயிரை, அதற்குப் பிறகுதான் முகத்தை. அந்தப் பார்வை சுடுகிறது என்று ஒரு மருமகள் என்னிடம் சொன்னாள். மகளே, அந்தப் பார்வைக்கு இந்தக் கரையில் 450 வருடத்துக்கு மேல் வயது. அதைச் சுமந்தவர்கள் எப்படிச் சுமந்தார்கள் என்று தெரிந்துகொள்வது உனக்கு உதவும்.

1560இல் கோவாவிலிருந்த போர்த்துக்கேய ராஜப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்து வந்தார். பிடித்த நல்லூரை வைத்திருக்க முடியவில்லை. மன்னாரை எடுத்துக்கொண்டு கோட்டையைக் கட்டினார். திருக்கேதீச்சரக் கோயிலை இடித்த கல்லில் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். முத்துக்குளித்துறையிலிருந்து பரதவக் குடும்பங்களையும் கொண்டுவந்து இங்கே இருத்தினார்கள். லிஸ்பனிலிருந்து வந்த படையாள், அவனோடு கப்பலில் ஏற்றப்பட்ட ஆபிரிக்க அடிமை, கோவாவிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்த கிறிஸ்தவன், நம்முடைய கடற்கரைச் சனம் எல்லாரும் ஒரு சின்னத் தீவில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். போர்த்துக்கல்லிலிருந்து பெண்கள் வந்தது மிகவும் சொற்பம். மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அராபியக் கப்பற்காரர் இந்தக் கரையில் பெண் எடுத்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரம் பள்ளிமுனையில் இன்னும் நிற்கிறது. சுற்றிப் பிடிக்க ஒரு வகுப்புப் பிள்ளைகள் கைகோத்தாலும் போதுமோ தெரியாது. வெளிநாட்டு மரம் என்று யாரும் அதைத் தறிக்கப் போகவில்லை. மரத்துக்குக் கிடைக்கிற மரியாதை மனிதனுக்குக் கிடைப்பதில்லை.

பெயரை வைத்து இரத்தத்தைத் தேடுகிறவர்கள் இந்தத் தீவில் ஏமாந்து போவார்கள். குரூஸ், மிராண்டா, கொறையா, பெர்னாண்டோ என்று பெயர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானத்தோடு அந்தப் பெயரைப் பெற்ற தமிழர்கள். என் பதிவேடுகளில் மறுபக்கமும் கண்டேன்: சந்தியோகு, சவிரிமுத்து என்று பெயர், வாய் நிறையத் தமிழ், கண் மட்டும் பாசி நிறம். “ஆச்சி வழி” என்று ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுவார்கள். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ரிஷிக்குக் கொடுத்த அந்தச் சலுகையைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

கோட்டை எழுந்த அந்த நாட்களில் மன்னாரில் ஒரு பாதிரியார் இருந்தார். பெயர் அன்ரீக்கே அன்ரீக்கஸ். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது அவரால்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். படிக்காத பாதியைச் சொல்கிறேன். அவருடைய முன்னோர் யூதர்கள், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். போர்த்துக்கல்லில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவரை, இரத்தத்தில் யூதக் கலப்பு இருக்கிறது என்று வெளியே அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்குச் செய்தது இது. நிறம் ஒன்றாக இருந்தால் இரத்தத்தைப் பார்ப்பார்கள்; இரத்தமும் ஒன்றாக இருந்தால் ஊரைப் பார்ப்பார்கள். பிறகு 1545இல் யேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. மறு வருடம் இந்தியாவுக்கு வந்தார். பரதவரோடு புன்னைக்காயலில் இருந்தார். அவர்கள் மன்னாருக்கு வந்தபோது அவரும் வந்தார். இலக்கணம் எழுதினார், அகராதிக்குச் சொல் சேர்த்தார், 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய புத்தகத்தை அச்சிட்டார். அவருக்கு எழுபது வயது கடந்த பிறகு, 1593இல், அவரைச் சேர்த்துக்கொண்ட யேசு சபையே யூத, முஸ்லிம் வழிவந்தவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவு எடுத்தது. அந்த விதி முற்றாக நீங்கியது 1946இல். அவர் 1600இல் இந்தக் கடலின் மறுகரையில் இறந்தார்.

இந்த மனிதரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தன்னை இரண்டு தரம் குறைவாக எண்ணிய உலகத்துக்குள்ளேயே அவர் ஐம்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். அவர் செய்த வேலை, தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று மற்றவர்கள் எண்ணிய மீன்பிடிச் சனத்தின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுவது. பட்ட அவமானத்தை அவர் கீழே இருந்தவர்கள் மேல் இறக்கி வைக்கவில்லை. பொறுமை என்று நான் மதிப்பது இதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைக் கழுதையும் செய்யும். மன்னார்க் கழுதைகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அவமானம் இறங்குகிற விதம் பொல்லாதது. போர்த்துக்கேயரின் ஆட்சியில் போர்த்துக்கல்லில் பிறந்தவன் மேலே இருந்தான். வெள்ளைத் தாய் தகப்பனுக்கு ஆசியாவில் பிறந்தவன் கஸ்தீசு. அவனுக்கு ஒரு படி கீழே. கலப்பில் பிறந்தவன் மெஸ்தீசு, இன்னும் கீழே. அவனுக்கும் கீழே தொப்பி போட்ட கறுத்தக் கிறிஸ்தவன், துப்பாசி. எல்லாருக்கும் கீழே அடிமை. ஒவ்வொருவனும் மேலே இருந்தவனிடம் வாங்கிய அடியைக் கீழே இருந்தவனிடம் கொடுத்துத் தீர்த்தான்.

நான் கத்தோலிக்கன். அடுத்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது சரியாக இராது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததும், கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் ஓடியதுதான் மடுவின் தொடக்கம். மருதமடுவில் முதல் கோயிலைக் கட்டியவள் போர்த்துக்கேயக் கப்பித்தான் ஒருவனின் மகள் எலேனா என்று கர்ணபரம்பரை சொல்கிறது. அந்த இருண்ட காலத்தில் சனத்தைத் தேடி வந்தவர் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் சுவாமியார். 1687இல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு அதே நாள் மடுவுக்கு வந்தார். நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன்.

வாஸ் சுவாமியார் சேர்ந்திருந்த கோவா ஒறற்றோரியன் சபை ஏன் உண்டானது தெரியுமா? ஐரோப்பியச் சபைகள் கோவாக் குருமாரைத் தங்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் புறக்கணிப்பைச் சுமந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சபை கண்டார்கள். கண்ட சபையில் பிராமண குலத்தாரை மட்டும் சேர்த்தார்கள். அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் தங்களுக்கு ஒரு வீடு கட்டி, அதற்கும் ஒரு கதவு போட்டார்கள். வாஸ் சுவாமியாரின் பரிசுத்தத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. கண்டி ராச்சியத்தில் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டவர்களைத் தூக்கிப் பராமரித்தவர் அவர். ஆனால் பரிசுத்தர்கள் இருந்த வீட்டிலேயே இந்த வழக்கம் இருந்ததென்றால், நம்முடைய வீட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒல்லாந்தர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர்களும் பெண்களை அதிகம் கூட்டி வரவில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன மெஸ்தீசுப் பெண்களைக் கட்டினார்கள். ஆட்சி ஒல்லாந்தருடையது, அடுப்படிப் பேச்சு போர்த்துக்கேயம் என்று ஆயிற்று. 1795இல் மன்னார்க் கோட்டைக்குள் ஆங்கிலேயர் புகுந்த பிறகு இவர்கள் எல்லாருக்கும் ‘பேர்கர்’ என்று ஒரே பெயர்; நாம் பறங்கியர் என்போம். அந்தப் பெயர் யாருக்கு உரியது என்று 1829இல் கோல்புறூக் விசாரணைக் குழு வந்த காலத்தில் கேள்வி எழுந்தது. தலைமை நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி சொன்ன விளக்கத்தின் சாரம் இது: தகப்பன் வழியைப் பார். தகப்பன் வழி ஐரோப்பியன் என்றால் தாய் யாராக இருந்தாலும் பிள்ளை பேர்கர். தாய் பேர்கர், தகப்பன் தமிழன் அல்லது சிங்களவன் என்றால் பிள்ளை பேர்கர் இல்லை. இரண்டு பிள்ளைகளிலும் ஓடுவது அதே இரத்தம், அதே அளவில். பதிவாளனாக இருந்த நான் அந்தக் கணக்கின் வால் நுனியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

1908இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் உண்டானது. அதில் சேர, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் வேலை செய்த ஐரோப்பிய மூதாதை ஒருவரிடமிருந்து ஆண் வழியாக இறங்கி வந்ததற்கு வம்சாவழி காட்ட வேண்டியிருந்தது. சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பத்திரிகையாளர்களும் அதில் இருந்தார்கள். நாட்டுக்கு நல்லது செய்த கெட்டிக்காரச் சமூகம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தச்சு வேலையும் கொல்லு வேலையும் சப்பாத்துத் தைப்பதும் செய்துகொண்டு, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துக்கேயப் பேச்சை விடாமல் வைத்திருந்த கறுத்தப் பறங்கியரை இவர்கள் ‘மெக்கானிக்’ என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்களை வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்புக்குள் விடவில்லை. துரைமார் வாசலில் நின்றவர்கள் தச்சனைத் தங்கள் வாசலில் நிறுத்தினார்கள்.

புத்தகத்தில் படித்தது போதும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தலைமன்னார் றெயில் பாதை 1914இல் வந்தது. அங்கே பியரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிய காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாதையில் ட்றைவர், கார்ட் வேலைகளில் பறங்கியர் பலர் இருந்தார்கள். ஒரு கார்ட் ஐயாவின் இரண்டு பெடியன்களும் என்னோடு படித்தவர்கள். பெரியவன் தாயைப் போல வெள்ளை. இளையவன் தகப்பனைப் போல மாநிறத்துக்கும் ஒரு படி கூட. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் ஆங்கிலத்தை நம்பியிருந்த அந்தச் சமூகத்துக்குக் காலடி மண் நழுவியது. அவுஸ்திரேலியாவைப் பார்த்தார்கள். அந்த நாடோ கலப்பினத்தவரிடம் முக்கால் பங்கு ஐரோப்பிய இரத்தமும், பார்வைக்கு ஐரோப்பியச் சாயலும் கேட்டது. அந்த வீட்டில் படம் எடுக்கப் போன காலை எனக்குத் தெரியும். தாய் இளையவனை ஸ்ரூலில் இருத்தி, நெற்றியிலும் காதின் பின்னாலும் கழுத்திலும் குட்டிக்கூறா மாவைப் பூசினாள். வேர்வையில் அது கோடு கோடாக இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். தகப்பன் யூனிபோமோடு வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவனுக்கு அனுமதி கிடைத்தது. இளையவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவனிடம் முக்கால் பங்கு இருந்தது, மற்றவனிடம் இல்லை என்று எந்தத் தராசில் நிறுத்தார்களோ! இளையவன் தாய் தகப்பனோடு நின்றுவிட்டான். றெயில்வேயில் சேர்ந்தான், தமிழ்ப் பெண்ணைக் கட்டினான், இருவரையும் கடைசி மட்டும் பார்த்தான். 1973இல் அந்த நாடு நிறம் பார்க்கும் கொள்கையை முற்றாகக் கைவிட்டது. அண்ணன் கடுதாசி போட்டான், இப்போது வரலாம் என்று. இவன் போகவில்லை. கோபமா என்று ஒருநாள் கேட்டேன். “மச்சான், அவன் என்ன செய்வான்? மாவு பூசினது அவனுக்கும்தான்” என்றான். அண்ணனைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு குறை சொல்லாமல் அவர்களை வளர்த்தான். அந்தப் பிள்ளைகள் இன்று பெரியப்பா வீட்டுக்குப் போய்வருகிறார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை நான் அவ்வளவாக நம்பியதில்லை. பொறுத்தவர்கள் பூமி ஆண்டதை நான் காணவில்லை. பொறுத்தவனுடைய பிள்ளைகளுக்கு ஒரு பெரியப்பா மிஞ்சினார். எனக்கு அது போதுமான நியாயமாகப் படுகிறது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு என்று நாம் தள்ளிவிட முடியாது. பள்ளிக்கூட முற்றத்தில் அந்த இருவரையும் ‘பறங்கி’ என்று கத்தியவர்கள் தமிழ்ப் பெடியள். சம்பந்தம் பேசும் வீட்டில் “கலப்பு ஒன்றும் இல்லையே?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் நம்முடைய மாமிமார். பறங்கியரை இரத்தம் கலந்தவர்கள் என்று சொன்ன அதே வாய், சொந்த மதத்து, சொந்த மொழிக்காரனைச் சாதி சொல்லித் திண்ணையில் இருத்தியது. 1990 ஒக்டோபரில் இந்தப் பார்வை முற்றி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்தத் தீவு கண்டது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, நம்மைப் போலவே தமிழ் பேசிய முஸ்லிம் சனத்தை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வள்ளம் வள்ளமாகக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். நான் ‘இலங்கைச் சோனகர்’ என்று என் கையால் எழுதிப் பதிந்த பிள்ளைகள் அவர்களுக்குள் இருந்தார்கள். தமிழர் என்பதற்காக நாம் பட்டதைத் தமிழரின் பெயரால் அவர்களுக்குச் செய்தார்கள். நம்மில் பலர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச முடியாத காலம் என்பதும் உண்மை. ஆனாலும் மேலே வாங்கியதைக் கீழே கொடுக்கிற ஏணி அதே ஏணிதான்.

அந்த ஏணியின் கடைசிப் படிக்கு வருவோம். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்று ஓர் ஊர் இருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகவும் படையாளாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே கொஞ்சக் குடும்பம் இருக்கிறார்கள். காப்பிரியர் என்பார்கள். பறங்கியரின் அதே போர்த்துக்கேயப் பேச்சு இவர்களிடமும் இருந்தது. பெரும்பாலோருக்கு அதே கத்தோலிக்க வேதம். ‘மஞ்ஞா’ என்று அவர்கள் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டிப் பாடுகிற பாட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டில் ஆடுகிற ஆட்டத்துக்குக் கப்றிஞ்ஞா என்று பெயர். பெயரிலேயே காப்பிரி இருக்கிறான். ஆட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஆட்களை எடுத்துக்கொள்ளவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்து மன்னாரில் தங்கிய ஒரு பறங்கித் தச்சர் எனக்குப் பழக்கம். எங்கள் கந்தோர் அலமாரியின் லாச்சிகள் அவர் செய்தவை. மாரி மழையிலும் இறுகாமல் ஒற்றை விரலுக்கு வரும். கொழும்புப் பறங்கியரிடம் ‘மெக்கானிக்’ என்றும் எங்கள் சனத்திடம் ‘பறங்கி’ என்றும் பெயர் வாங்கியவர். அவருடைய மகள் சிறாம்பியடிப் பக்கத்துப் பெடியன் ஒருவனை விரும்பினாள். உப்பளத்தில் வேலை செய்த, அமைதியான பெடியன். கேள்விப்பட்டதும் தச்சரின் சகோதரிகள் இருவர் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார்கள். இரண்டு பேரும் தங்கள் கலியாணத்தில் விடிய விடியக் கப்றிஞ்ஞா ஆடியவர்கள். “எங்கட பேரே போயிடும்” என்று அழுதார்கள். தச்சர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “எனக்கு மேல இருக்கிற எல்லாரும் என்னை மிதிச்சாச்சு. மிதிக்கிறது எப்படி நோகும் எண்டு எனக்குத் தெரியும். நான் மாட்டன்” என்றார்.

அந்த விவாகத்தைப் பதிந்தது நான்தான். விருந்துக்குச் சகோதரிகள் நிற்கவில்லை. தச்சர் மருமகனுக்குத் தன் இழைப்புளியையும் உளிகளையும் கொடுத்துத் தொழில் பழக்கினார். பெடியன் உப்பளத்தை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து யன்னலும் கதவும் செய்தான். முதல் பிள்ளை பிறந்து பதிய வந்தபோது இனம் என்ன எழுதுவது என்று கேட்டேன். மருமகன் மாமனாரைப் பார்த்தான். மாமனார், “தகப்பனுடைய இனம் தகப்பனுக்குத்தானே தெரியும், அவனைக் கேளுங்கோ” என்றார். பெடியன் தன் இனத்தைத் தெளிவாகச் சொன்னான், எழுதினேன். சில வருடம் கழித்து இளைய சகோதரி மட்டும் வந்து, பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மூத்தவள் கடைசி வரை வரவில்லை.